மலையகமும் மருந்தின் விலையும்

மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என வகுத்தார் வள்ளுவர். நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பணிவிடை செய்பவன் என்பன அவை. விலை என்னும் ஐந்தாவது உறுப்பு ஒன்றை அவர் எண்ணினார் அல்லர். மருந்து கப்பலேறி வரும் சரக்காக மாறிய பிற்காலத்திலேதான் அதனையும் எண்ண வேண்டியதாயிற்று. நோய் இன்னதென்று வைத்தியர் கண்டு சொல்லிவிட்டார்; அதற்குரிய மருந்தும் கடைத்தட்டில் கண்ணெதிரே இருக்கின்றது; கையிற் காசு போதாமையால் நோயாளி வெறுங்கையோடு வீடு திரும்புகின்றான். இவ்வாறு நோயைத் தீர்க்கும் ஆற்றல் இருந்தும் அது நோயாளியை வந்தடையாமல் நிற்பது நமது காலத்துக்குரிய துயரமாகும்.

இந்த ஐந்தாவது உறுப்பின் வரலாற்றில் இலங்கையின் மலைநாட்டுக்குத் தனியிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் பெரிதும் வேண்டிநின்ற மருந்தொன்றின் விலை, இம்மலைச் சரிவுகளிலிருந்து சென்ற மரப்பட்டையினால் சரிந்து வீழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஊவா மாகாணத்து மைந்தர் ஒருவர், மருந்தின் விலையைத் திட்டமிட்டுக் குறைக்கும் வழியை உலகுக்குக் காட்டினார். ஆயினும் அம்மலைகளிலே கொழுந்து பறித்து வாழ்ந்த மக்களுக்கு இவ்விரண்டினாலும் கிடைத்தது யாது? மருந்து மலிவாதல் ஒன்று. அது லயத்து வாசலுக்கு வந்து சேர்தல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பதை மலையகத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

முதலிலே கொயினாவின் கதை. மலேரியாக் காய்ச்சலுக்கு அக்காலத்தில் கைகண்ட மருந்து கொயினா ஒன்றே. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளில் வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து அது கிடைத்தது. பட்டையின் சத்தைப் பிரித்தெடுத்துக் கொயினா எனப் பெயரிட்டவர்கள் பிரெஞ்சு நாட்டவரான பெல்லத்தியே, கவாந்து என்னும் இருவர், ஆண்டு 1820. காட்டு மரங்களை வெட்டி வெட்டிப் பட்டை எடுத்தமையால் மரம் அருகியது; விலை ஏறியது. வெப்ப நாடுகளில் படைகளையும் தோட்டங்களையும் வைத்திருந்த அரசுகளுக்கு இது பெருங்கவலையாயிற்று. எனவே 1860 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு கிளெமன்ஸ் மார்க்கம் என்பவரின் தலைமையில் ஒரு குழுவைத் தென்னமெரிக்காவுக்கு அனுப்பி விதைகளையும் கன்றுகளையும் கொணர்வித்தது. அவற்றை நட்டு வளர்க்க இரண்டு மலைகள் தெரிவு செய்யப்பட்டன. ஒன்று தமிழகத்து நீலகிரி. மற்றொன்று இலங்கையில் நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலை. இன்று மலர்க்காட்சிக்குப் பெயர்பெற்ற ஹக்கலைப் பூங்கா, 1861 ஆம் ஆண்டில் இந்த மருந்து மரத்தை வளர்ப்பதற்கென்றே, பேராதனைத் தோட்டத்தின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் என்பவரின் மேற்பார்வையில் அமைக்கப்பட்டதாகும்.

தொடக்கத்தில் தோட்டத் துரைமார் இம்மரத்தைப் பெரிதாக மதிக்கவில்லை. அவர்கள் மனமெல்லாம் கோப்பியிலேயே இருந்தது. 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலையிலே செம்புள்ளி நோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மலை மலையாகக் கோப்பி அழிந்தது. கடன் கழுத்தை நெரிக்க, கைக்கு எட்டிய எதனையும் நட்டுப் பார்க்கும் நிலைக்குத் தோட்டக்காரர் வந்தனர். அப்பொழுது அவர்களுக்குத் தெப்பமாக உதவியது சிங்கோனா. லூல்கந்துரையில் 1867 ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டுப் புகழ்கொண்ட ஜேம்ஸ் ரெயிலரும் சிங்கோனா வளர்த்தவரே. மரத்தை வீழ்த்தியும், சில இடங்களில் வீழ்த்தாமலே பட்டையைச் சீவியும், வெயிலில் உலர்த்தி மூடை மூடையாகக் கப்பலேற்றினர். 1880 களின் நடுப்பகுதியில் இலங்கை ஓராண்டில் ஏற்றுமதி செய்த பட்டை ஏறத்தாழ 1 கோடி 50 இலட்சம் இறாத்தல்.

விளைவு யாது? இலண்டன் சந்தையில் பட்டை மலைபோலக் குவிந்தது. 1870 களின் இறுதியில் ஓர் அவுன்ஸ் கொயினா 12 ஷில்லிங் அளவில் விற்றது. 1890 வாக்கில் அது 2 ஷில்லிங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. பட்டையை நம்பியிருந்த துரைமார் மீண்டும் ஒருமுறை நட்டமடைந்து, மரத்தைப் பிடுங்கி எறிந்து தேயிலைக்கு மாறினர். ஆனால் நோயாளிகளுக்கோ அது நற்காலத்தின் தொடக்கம். 1892 ஆம் ஆண்டு முதல் வங்காளத்தில் தபாற்கந்தோர்களிலே கொயினாப் பொட்டலம் ஒரு பைசாவுக்கு விற்கப்பட்டது. கடிதத்துக்கு முத்திரை வாங்கும் இடத்திலேயே காய்ச்சலுக்கு மருந்தும் வாங்கலாம் என்னும் நிலை வந்தது. மருந்து விலை குறைந்ததோடு அது கிடைக்கும் இடமும் அருகில் வந்தது என்பதே இந்த ஏற்பாட்டின் சிறப்பு.

எனினும் சந்தையின் போக்கினால் இறங்கிய விலை, சந்தையின் சூழ்ச்சியினால் ஏறவும் கூடும். இலங்கையிலும் நீலகிரியிலும் பெரும்பாலும் நடப்பட்ட செம்பட்டை மரத்தைவிட, ஒல்லாந்தர் சாவகத் தீவில் வளர்த்த லெட்ஜர் வகை மரத்தில் கொயினாச் சத்து மிகுதி. அதனால் வணிகம் மெல்ல மெல்ல அவர்கள் கைக்குச் சென்றது. 1913 ஆம் ஆண்டில் பட்டை விளைவிப்போரும் கொயினா செய்வோரும் உடன்படிக்கை செய்து, விலை வீழாதபடி காத்துக்கொண்டனர். மருந்தின் விலை விளைச்சலை மட்டும் பொறுத்ததன்று, விற்போர் எத்தனை பேர், அவர்கள் தமக்குள் எவ்வாறு உடன்பட்டிருக்கின்றனர் என்பதையும் பொறுத்தது என்னும் உண்மை அன்றே வெளியாயிற்று.

இனி, பட்டை உரித்த கைகளைப் பற்றிப் பார்க்கலாம். தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்த கூலிமக்கள், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடந்தனர். கண்டி நாட்டு உயர்மலைகளில் குளிரின் காரணத்தால் மலேரியா குறைவு. ஆனால் அவர்கள் நடந்துவந்த வடக்குப் பாதையோ காய்ச்சல் நிலம். வழியிலேயே மாண்டவர் பலர். காய்ச்சலை உடம்பிலே சுமந்துகொண்டு மலையேறியவரும் பலர். வயிற்றுளைச்சலும் வாந்திபேதியும் அம்மையும் அவர்களைத் தொடர்ந்தன. உலகுக்கு மருந்து அனுப்பிய மலையில் மருந்தின்றி மாண்டவர்களின் புதைகுழிகளும் இருந்தன.

இந்நிலையைக் கண்டு எழுந்த கண்டனத்தின் பயனாக 1872 ஆம் ஆண்டில் தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. தோட்ட மாவட்டங்களில் வைத்திய அதிகாரிகளும் ஆஸ்பத்திரிகளும் அமைந்தன. பின்னர் 1912 ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் சட்டம், தொழிலாளர் நோய்கள் சட்டம் என இரண்டு சட்டங்கள் வந்தன. நோயுற்ற தொழிலாளியைக் கவனிக்கும் கடமை தோட்டத்து அதிகாரியின் மேல் ஏற்றப்பட்டது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் கொடுத்து, வேலைக்கு வருமாறு வற்புறுத்தாமல் இருத்தல் வேண்டும் என்றும் சட்டம் விதித்தது.

இவ்வாறு தோன்றியதே தோட்டத்து டிஸ்பென்சரி என்னும் மருந்துச்சாலை. தேயிலைத் தொழிற்சாலைக்கும் கந்தோருக்கும் அண்மையில் ஒரு சிறு கட்டடம். அதனுள்ளே பெரிய போத்தல்களில் நிறம் நிறமான கலவை மருந்துகள். அவற்றை அளந்து ஊற்றிக் கொடுக்க ஒரு மருந்து கலப்பவர். பட்டம் பெற்ற வைத்தியர் அல்லராயினும், தோட்டத்து மக்கள் அவரை மரியாதையோடு டாக்டர் ஐயா என்றே அழைத்தனர். மருந்துக்குக் காசு கேட்பதில்லை. ஆகவே விலை என்னும் ஐந்தாவது உறுப்பு அங்கே இல்லாதொழிந்தது என்று எண்ணத் தோன்றும்.

உண்மையில் அது வேறு உருவிலே இருந்தது. தோட்டத்தில் ஒருநாள் உழைப்புக்குப் பேர் என்று பெயர். காலைப் பெரட்டில் நின்று, மலைக்குச் சென்று, குறித்த நிறை கொழுந்து எடுத்தால்தான் செக்றோலில் முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். காய்ச்சலோடு வரிசையில் நின்று மருந்து வாங்கி மலைக்குப் பிந்திச் சென்றவளுக்கு அந்த நாளில் பாதிக் கூலி போய்விடும். செல்லாமலே படுத்துவிட்டால் முழுக்கூலியும் போய்விடும். போத்தல் மருந்துக்குச் சதம் கொடாதவள், அரைப்பேரை அதன் விலையாகக் கொடுத்தாள். துண்டு என்னும் கடன்முறை 1921 ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும் வரையில், தோட்டம் மாறும்போது கடனும் கூடவே தொடர்ந்தது. அத்தகைய வாழ்க்கையில் ஒரு நாட் கூலியை இழப்பது சிறிய காரியமன்று. நோயை அடக்கிக்கொண்டு மலையேறுவதும், தாங்க முடியாத கட்டத்திலே மருந்து தேடுவதும் இதனால் வழக்கமாயின.

மலிவான மருந்து மட்டும் போதாது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கினர். குடலில் ஒட்டியிருந்து இரத்தத்தை உறிஞ்சும் இப்புழு, தொழிலாளரை வெளிறச் செய்து வலிமை குன்றச் செய்தது. மருந்து கொடுத்ததும் புழு வீழ்ந்தது, உடம்பு தேறியது. ஆனால் லயங்களில் மலகூடம் போதிய அளவு இல்லை. வெறுங்காலோடு அதே மண்ணை மிதித்தவரிடம் புழு மறுபடியும் புகுந்தது. ஆண்டுதோறும் மருந்து வாங்குவதைவிட ஒருமுறை மலகூடம் கட்டுவதே சிக்கனம் என்று சுகாதார அறிஞர்கள் எடுத்துரைத்தனர். கட்டுவதற்குரிய செலவு தோட்டக் கணக்கில் உடனே தெரிந்தது; கட்டாமையால் வந்த செலவோ தொழிலாளியின் உடம்பில் எழுதப்பட்டமையால் எந்தக் கணக்கிலும் தெரியவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் நாட்டின் மற்றைய பகுதிகளில் நிலை வேகமாக மாறியது. 1951 ஆம் ஆண்டிலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணமின்றி மருத்துவம் கிடைத்தது. இலங்கையின் சுகாதாரச் சாதனையை உலகம் வியந்து பேசியது. ஆனால் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத்து மக்களின் மருத்துவம், தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டது. ஒரே மலையில், கீழே கிராமத்துக்கு ஒரு முறை, மேலே லயத்துக்கு வேறொரு முறை. குழந்தை இறப்பு வீதம் தோட்டப் பகுதிகளில் நாட்டின் சராசரியைவிடப் பல பத்தாண்டுகள் உயர்ந்தே நின்றது.

இதே காலத்தில் கொழும்பிலும் பேராதனையிலும் மருந்தின் விலை பற்றிய புதிய சிந்தனை ஒன்று முளைவிட்டது. அதன் கர்த்தா பேராசிரியர் சேனக பிபிலே. 1920 ஆம் ஆண்டில் பிறந்தவர். ஊவாவின் வெல்லஸ்ஸப் பகுதிக் குடும்பத்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்று வைத்தியரானவர். எடின்பரோவில் மருந்தியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் மருந்தியற் பேராசிரியராக விளங்கியவர். அவர் எழுப்பிய வினா மிகவும் எளியது. ஒரே மருந்துக்கு ஏன் இத்தனை பெயர்? பெயருக்குப் பெயர் ஏன் இத்தனை விலை?

இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் இரு பெயர்கள் உண்டு. ஒன்று மருந்தின் இயற்பெயர். மற்றொன்று அதனைச் செய்யும் நிறுவனம் சூட்டிய வணிகப்பெயர். பரசிற்றமோல் என்பது இயற்பெயர். பனடோல் என்பது வணிகப்பெயர். உள்ளேயிருக்கும் பொருள் ஒன்றே. ஆனால் வணிகப்பெயரின் விலையிலே விளம்பரச் செலவும், பிரதிநிதிகள் வைத்தியர்களை நாடிச் செல்லும் செலவும், பெயருக்குரிய இலாபமும் அடங்கியிருக்கும். வைத்தியர் வணிகப்பெயரை எழுதிக் கொடுக்கின்றார். நோயாளி அதனையே கேட்டு வாங்குகின்றார். விலை கொடுப்பவர் தெரிவு செய்வதில்லை. தெரிவு செய்பவர் விலை கொடுப்பதில்லை. வேறு எந்தச் சந்தையிலும் எளிதிற் காண முடியாத விந்தை இது.

பிபிலேயும் அவர்தம் தோழர்களும் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கென, இயற்பெயரிலே மருந்துகளைத் தொகுத்து ஒரு கைநூலை உருவாக்கினர். 1971 ஆம் ஆண்டில் வைத்தியரும் இடதுசாரித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து நாட்டின் மருந்து நிருவாகம் பற்றி ஓர் அறிக்கை அளித்தனர். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது; பிபிலே அதன் முதல் தலைவரானார். தனியார் துறையில் விற்பனையாகிக் கொண்டிருந்த ஏறத்தாழ 2,100 மருந்துவகைகள், தேவையானவை எவை என ஆராயப்பட்டு 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. 1972 ஆம் ஆண்டில் முதற்கட்டமாக 52 மருந்துகளின் இறக்குமதி கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. பின்னர் ஏனையவும் தொடர்ந்தன.

செயல்முறை இதுவே. நாடு முழுவதுக்கும் வேண்டிய மருந்தை ஒருங்கே கணக்கிட்டு, இயற்பெயரைச் சொல்லி, உலகெங்குமுள்ள உற்பத்தியாளரிடம் விலைமனு கோருதல், தரத்தைச் சோதித்தல், தரமானவற்றுள் மலிவானதை மொத்தமாக வாங்குதல். ஊர்ச்சந்தையில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மூடையாக அரிசி வாங்கும் சிக்கனமே இதுவும். தனித்தனியே வாங்கும் நோயாளி விற்பவர் சொன்ன விலைக்குத் தலையசைக்க வேண்டியவர். நாடே ஒருவராக நின்று வாங்கும்போது விற்பவர் போட்டியிட வேண்டியவர். நாட்டின் அந்நியச் செலாவணி மிஞ்சியது. பல மருந்துகளின் விலை பெருமளவு இறங்கியது.

இம்முயற்சிக்கு எதிர்ப்பும் இருந்தது. மலிவான மருந்து தரங்குறைந்தது என்னும் பேச்சு பரப்பப்பட்டது. 1974 ஆம் ஆண்டில் வாந்திபேதி பரவியபோது, தெத்திராசைக்கிளின் என்னும் மருந்தின் மூலப்பொருள் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. அதனைக் கூடுகளில் அடைக்கும் இயந்திரம் உள்நாட்டிலிருந்த ஒரு பன்னாட்டு நிறுவனத்திடம் இருந்தது. அந்நிறுவனம் அடைத்துத் தர மறுத்தது. இறுதியில் வெளிநாட்டிலிருந்து விமான மூலம் மருந்துக்கூடுகளை அதிக விலைக்கு வரவழைக்க நேர்ந்தது. பொருளியலறிஞர் சஞ்சய லாலுடன் சேர்ந்து பிபிலே 1977 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்நிகழ்ச்சி விரிவாகப் பதிவாகியிருக்கின்றது.

அந்த ஆண்டுகள் மலையகத்துக்கு மிகவும் கொடிய ஆண்டுகள். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாக வாட்டியது. லயங்களில் சாவு பெருகியது. நிலச் சீர்திருத்தத்தின் கீழ் 1975 ஆம் ஆண்டில் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பங்கள் பிரிந்து இந்தியாவுக்குக் கப்பலேறிக் கொண்டிருந்தன. தலைநகரில் மருந்து மலிவாகிக்கொண்டிருந்த அதே வேளையில், அதனை எழுதிக் கொடுக்க வைத்தியர் இல்லாமலும், எழுதிக் கொடுத்தாலும் வாங்கிவரப் பட்டினம் தொலைவாகவும் இருந்தவர்கள் மலையக மக்கள். பசித்த வயிற்றுக்கு மருந்து என்ன செய்யும் என்பது அதற்கும் மேலான கேள்வி.

1977 ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறியது. தனியார் இறக்குமதி மறுபடியும் திறந்துவிடப்பட்டது. கூட்டுத்தாபனம் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கும் பணியையும், ஒசுசல என்னும் தன் விற்பனை நிலையங்களையும் தொடர்ந்து நடத்தியது. பிபிலே தம் கொள்கையைப் பிற நாடுகளுக்கு எடுத்துரைக்கும் பணியில், ஐக்கிய நாடுகள் அமைப்பொன்றின் சார்பில் கயானாவுக்குச் சென்றிருந்தபோது, அவ்வாண்டு செப்தெம்பர் 29 ஆம் நாள் காலமானார். அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம், ஏறத்தாழ 200 மருந்துகள் கொண்ட தனது முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிடும் முடிவுக்கு வழிகோலிய நிபுணர் குழுவைக் கூட்டியது. ஒரு நாட்டுக்கு ஆயிரக்கணக்கான பெயர்கள் வேண்டியதில்லை. நன்கு தெரிந்தெடுத்த சில நூறு மருந்துகளே போதும் என்னும் கருத்து உலகக் கருத்தாயிற்று. 1982 ஆம் ஆண்டில் வங்காளதேசமும் அவ்வழியிலே சென்றது.

தமிழகத்திலும் இக்கருத்து வேறொரு வடிவில் வேர்கொண்டது. 1994 ஆம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. இயற்பெயரில் மொத்தமாக வாங்குதல், ஆய்வுக்கூடத்தில் தரம் பார்த்தல், மாவட்டந்தோறும் கிடங்கு வைத்தல், ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் வங்கிப் புத்தகம் போன்ற கணக்குப் புத்தகம் கொடுத்தல் என்பன அதன் முறைகள். கணக்கிலுள்ள தொகைக்கு ஏற்ப, தேவையான மருந்தை ஆஸ்பத்திரி கிடங்கிலிருந்து பெற்றுக்கொள்ளும். ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து சென்று நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய மலையக மக்களுக்கும் அரசாங்க மருந்து இவ்வழியாகவே வருகின்றது. ஒரு காலத்தில் ஹக்கலையும் நீலகிரியும் ஒரே விதையினால் இணைந்தன. பின்னர் பிரிந்துபோன ஒரே மக்களால் மீண்டும் இணைந்தன.

இலங்கையில் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் 1987 ஆம் ஆண்டில் தோன்றியது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. 2005 ஆம் ஆண்டில் தேசிய மருந்துக் கொள்கை வகுக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை சட்டத்தினால் நிறுவப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை குறிக்கப்பட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. அட்டனுக்கு அண்மையில் டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட ஆஸ்பத்திரி 2017 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. பிபிலே மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னர், அவர் எண்ணியவற்றுட் சில மலைக்கும் வந்து சேரத் தொடங்கின.

எனினும் பெற்ற நன்மை எளிதிற் கைநழுவக் கூடியது என்பதை 2022 ஆம் ஆண்டு காட்டியது. அந்நியச் செலாவணி வற்றியதும் மருந்து வரவு குன்றியது. ஆஸ்பத்திரிகளில் இல்லாத மருந்தை வெளியில் வாங்குமாறு துண்டு எழுதிக் கொடுத்தனர். பாமசிகளிலோ விலை ஏறியிருந்தது. 2021 ஆம் ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் ஆகியிருந்தது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் மருந்து உட்கொள்ள வேண்டிய முதியவர் இருவர் ஒரு காம்பராவில் இருந்தால், அக்குடும்பத்துக்கு அது எத்தகைய சுமை என்பதை எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டு மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழக மக்களின் உதவியாக அரிசியும் பால்மாவும் உயிர்காக்கும் மருந்துகளும் கப்பலேறி வந்தன.

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து ஒரு குடும்பம் தனக்கென எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு. மருந்துச் சீட்டைப் பெறும்போது மருந்தின் இயற்பெயர் யாது என்று வைத்தியரிடம் கேட்டறிதல் முதலாவது. அப்பெயரில் மலிவான மருந்து உண்டா என்று பாமசியில் விசாரித்தல் இரண்டாவது. இயற்பெயரை அறிந்திருப்பது பணத்தோடு உயிரையும் காக்கும். பரசிற்றமோலையே இரண்டு வணிகப்பெயர்களில் வாங்கி ஒரே நாளில் அளவு மீறி உண்பது ஈரலைக் கெடுக்கும். சாதாரணத் தடிமனுக்குக் கிருமிகொல்லி மருந்து வேண்டியதில்லை. அதற்குக் கொடுக்கும் காசு வீண் காசு. மாறாக, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய குளிசையைச் சிக்கனம் கருதி ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பது சிக்கனமாகாது. பின்னால் வரும் பெருஞ்செலவுக்கு அதுவே வாயில். கட்டுப்படியாகாவிட்டால் அதனை மறைக்காமல் வைத்தியரிடமே சொன்னால், விலை குறைந்த வேறொன்றை அவர் எழுதித் தரக்கூடும்.

வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு ஜீவனிப் பொட்டலம் மிகவும் மலிவான உயிர்மருந்து. அது கையில் இல்லாத வேளையில், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் தேக்கரண்டியால் மட்டமாக ஆறு கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் பருக்கலாம். குழந்தை சோர்ந்து கண் குழிந்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். 1971 ஆம் ஆண்டில் வங்காள அகதி முகாம்களில் வாந்திபேதி பரவியபோது, வைத்தியர் திலீப் மகலனபிஸ் இத்தகைய உப்புச் சீனிக் கரைசலைக் கொண்டே பல்லாயிரவரைக் காத்தார். விலையுயர்ந்தது தான் வலியது என்னும் மயக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.

ஆயினும் குடும்பத்தின் சிக்கனம் ஓரளவே செல்லும். மலையுச்சித் தோட்டமொன்றிலிருந்து அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ மருந்து வாங்கச் செல்பவர், மருந்தின் விலையோடு பஸ் கூலியையும் கூட்டுகின்றார். அன்றைய தினம் செக்றோலில் விழாத பேரையும் கூட்டுகின்றார். அதனால், பட்டினத்தில் இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் குளிசை லயத்துக்கு வந்து சேரும்போது ஒருநாட் கூலியை விழுங்கிவிடுகின்றது. வங்காளத்துத் தபாற்கந்தோரில் ஒரு பைசாப் பொட்டலம் விற்றவர்கள் இதனை அறிந்திருந்தார்கள். பிபிலே பெயரிலும் கொள்முதலிலும் இருந்த வீண்விலையை நீக்கிக் காட்டினார். மலையகத்தில் எஞ்சி நிற்பது, தோட்டத்து மருந்துச்சாலையின் அலமாரிக்கும் பட்டினத்துக்கும் இடையிலுள்ள அந்த வழியின் விலை.